காட்பாடி ரோடு டிராஃபிக் ஆய்வு: 12 மணி நேரமும் டிரோனில் எடுக்கலாமா?

விருதம்பட்டு_வாசி

எல்லாருக்கும் வணக்கம். வேலூர் கிரீன் சர்க்கிளில் ஆரம்பித்து பாலாற்றுப் பாலம், விருதம்பட்டு, ஓடைப்பிள்ளையார் கோயில் வழியாக காட்பாடி சித்தூர் பஸ் நிலையம் வரை உள்ள ரோட்டுக்கு ஒரு போக்குவரத்து ஆய்வு செய்யப் போகிறோம். குடியிருப்போர் நலச்சங்கங்கள் சேர்ந்து, கலெக்டர் தலைமையிலான மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழுவிடம் கொடுப்பதற்காக. வெறும் புகார் மனுவாக இல்லாமல் அளவெடுத்துக் கொடுக்க வேண்டும் என்று முடிவு.

கையில் இருப்பது: சிவில் டிப்ளமோ முடித்த நாலு பேர், கிராஃபிக்ஸ் கார்டு போட்ட ஒரு கம்ப்யூட்டர், ரிமோட் பைலட் சான்றிதழ் உள்ள ஆபரேட்டர் ஒருவர், அவருடைய 4கே டிரோன் (1 கிலோவுக்குள், 4 பேட்டரி).

யோசனை: இந்த ரோட்டில் உள்ள மூன்று ஜங்ஷனிலும் காலை 7 முதல் இரவு 7 வரை டிரோனை மேலே நிறுத்தி வீடியோ எடுத்து, மென்பொருளை வைத்து வண்டிகளை எண்ணுவது. எந்த உயரத்தில் நிறுத்தணும்? எத்தனை பேட்டரி வேணும்? நம்ம ஊர் டூவீலர், ஷேர் ஆட்டோ நெரிசலை மென்பொருள் பிரித்துப் பார்க்குமா? அனுமதி யாரிடம் வாங்கணும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

நாகநதி

சார், பறக்கவிடறதுக்கு முன்னாடி திட்டத்தையே ஒரு இடத்தில் திருத்தணும். 12 மணி நேர எண்ணிக்கைக்கு டிரோன் சரியான கருவி இல்லை.

கணக்கைப் பாருங்க. பெட்டியில் 30 நிமிஷம்னு போட்டிருந்தாலும், இறங்கறதுக்கான இருப்பு, காத்து ரெண்டையும் கழிச்சா கையில் நிற்கறது 20 நிமிஷம். 12 மணி நேரத்துக்கு 36 தடவை ஏத்தி இறக்கணும். ஒரு பேட்டரி முழுசா ஏற ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகும், அதனால 4 பேட்டரி சுழற்சிக்கே வராது. ஒவ்வொரு மாற்றத்திலும் மூணு நாலு நிமிஷம் வீடியோ விட்டுப்போகும். 4கே வீடியோ விநாடிக்கு 100 மெகாபிட் எழுதினா மணிக்கு 45 ஜி.பி, ஒரு ஜங்ஷனுக்கு 540 ஜி.பி. இவ்வளவு பாடுபட்டுக் கிடைக்கறது, ஒரு கோட்டைத் தாண்டின வண்டி எத்தனைங்கற ஒரே எண். அதை மூணாவது மாடியில் கட்டின சாதாரண கேமரா தந்துடும். 1080 வீடியோவை விநாடிக்கு 4 மெகாபிட்டில் எழுதினா 12 மணி நேரம் 22 ஜி.பி-க்குள்ள முடிஞ்சுடும்.

அப்ப டிரோன் எதுக்கு? இதைத்தான் நல்லா யோசிக்கணும். நெரிசல் நேரத்தில் சிக்னல் கோட்டில் நின்னு எண்ணினா உங்களுக்குக் கிடைக்கறது ஜங்ஷன் எத்தனை வண்டியை விட்டதுங்கற கணக்கு. எத்தனை வண்டி போக வந்ததுங்கறது அதில் வராது. ஒரு உதாரணத்துக்கு, 15 நிமிஷத்தில் கோட்டைத் தாண்டினது 450 வண்டின்னு வெச்சுக்குங்க. மணிக்கு 1,800. அதே 15 நிமிஷத்தில் பின்னாடி வரிசை 40 வண்டியிலிருந்து 110 ஆச்சுன்னா, வந்தது 520. அதாவது மணிக்கு 2,080. அந்த 70 வண்டி கோட்டில் நிற்கற ஆளுக்கும் தெரியாது, கம்பத்துக் கேமராவுக்கும் தெரியாது. அறிக்கையில் 1,800-ன்னு எழுதினா "இந்த ரோடு இதைத் தாங்குதே"ன்னு ஒரு வரியில் முடிச்சுடுவாங்க. வரிசை எவ்வளவு நீளம், எவ்வளவு வேகமா வளருது, எந்த இடத்தில் ஆரம்பிக்குது, இதை மேலிருந்து அளக்கறதுதான் சுலபம்.

இது புதுசும் இல்லை. அமெரிக்காவில் பால்டிமோர்–வாஷிங்டன் ரோட்டை 1920களின் கடைசியிலேயே விமானத்திலிருந்து படம் எடுத்து, ஒரு மைலுக்கு எத்தனை வண்டின்னு அடர்த்தி பார்த்திருக்காங்க. 2018-ல் ஏதென்ஸ் நகர மையத்தை 10 டிரோன் வெச்சு எடுத்தப்போகூட காலை நெரிசல் நேரத்தை மட்டும்தான் எடுத்தாங்க, அதிலும் பேட்டரி மாத்த நடுநடுவே இடைவெளி விட்டாங்க.

அதனால இப்படிப் பிரிச்சுக்கலாம்: 12 மணி நேர எண்ணிக்கை மாடிக் கேமராவில், ஜங்ஷனுக்கு ரெண்டு, எதிரெதிர் மூலையில். டிரோன் காலை 8 முதல் 9.30, மாலை 5 முதல் 6.30 மட்டும். ஒப்பிட மதியம் ஒரு தடவை. நாள் செவ்வாய், புதன், வியாழன். பௌர்ணமியை ஒட்டின நாளைத் தொடவே வேண்டாம், திருவண்ணாமலை கிரிவலக் கூட்டம் வேலூர் வழியாத்தான் போகும். முகூர்த்த நாள், வி.ஐ.டி. விடுமுறை இதையும் காலண்டரில் பார்த்து ஒதுக்குங்க.

எல்லாக் கேமராவிலும் முதல் பத்து விநாடி, நெட்வொர்க் நேரம் காட்டற செல்போன் திரையைப் படம் பிடிச்சுடுங்க. கடிகாரம் ஒண்ணுக்கொண்ணு 40 விநாடி தள்ளிப்போனாலே வரிசைக் கணக்கும் எண்ணிக்கையும் ஒட்டாது.

---

மேல்நோக்கு

நாகநதி சொன்னது சரி. நான் பறக்கும் பக்கத்தை மட்டும் எழுதுகிறேன்.

உயரம்: பெரும்பாலான சிறிய டிரோன்களில் லென்ஸ் (35 மி.மீ. ஃபிலிம் கேமரா கணக்கில்) 24 மி.மீ. சமானம். அப்படியானால் நேர் கீழே பார்க்கும்போது படத்தின் அகலம் உயரத்தைப் போல் ஒன்றரை மடங்கு. 100 மீட்டரில் நிறுத்தினால் தரையில் 150 மீட்டர் நீளமும் 84 மீட்டர் அகலமும் தெரியும். 150 மீட்டரை 3,840 பிக்சலால் வகுத்தால் ஒரு பிக்சல் 3.9 செ.மீ. டூவீலர் ஏறத்தாழ 1.9 மீட்டருக்கு 0.65 மீட்டர், அதாவது 48-க்கு 16 பிக்சல். மென்பொருளுக்கு இது போதும். 1080-ல் எடுத்தால் அதில் பாதி, 24-க்கு 8. கூட்டமாக நிற்கும்போது இரண்டு வண்டி ஒட்டி ஒன்றாகத் தெரியும். ஆகவே 4கே கட்டாயம்.

சில டிரோன்கள் 4கே வீடியோவில் சென்சாரின் ஓரத்தை வெட்டிவிடும், அப்போது மேலே சொன்ன அகலம் வராது. காகிதக் கணக்கை நம்பாமல், ரோட்டோரம் 30 மீட்டர் ஸ்டீல் டேப்பைப் போட்டு இரு முனையிலும் சுண்ணாம்புக் குறி வைத்து, படத்தில் அது எத்தனை பிக்சல் என்று எண்ணிப் பாருங்கள்.

சாய்த்து எடுக்காதீர்கள், நேர் கீழேயே எடுங்கள். அப்படி எடுத்தாலும் ஓரத்தில் உயரமான வண்டிகள் வெளிப்பக்கமாகச் சாய்ந்து தெரியும். சாய்வின் அளவு: நடுப்புள்ளியிலிருந்து தூரம் × வண்டி உயரம் ÷ வண்டியின் கூரைக்கு மேல் கேமரா இருக்கும் உயரம். 3.2 மீட்டர் உயர பஸ், படத்தின் நடுவிலிருந்து 70 மீட்டர் தள்ளி இருந்தால் அதன் கூரை 2.3 மீட்டர் விலகித் தெரியும். அந்த இடைவெளியில் ஒரு டூவீலர் முழுசாக மறைந்துவிடும். அளக்க வேண்டிய நிறுத்தக் கோட்டைப் படத்தின் நடு மூன்றில் ஒரு பங்குக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

கேமரா அமைப்பில் எல்லோரும் தவறுவது ஷட்டர். கல்யாண வீடியோ பழக்கத்தில் 1/50 வைப்பார்கள். 40 கி.மீ. வேகத்தில் போகும் வண்டி 1/50 விநாடியில் 22 செ.மீ. நகர்ந்துவிடும், ஐந்தாறு பிக்சல் மங்கும். 1/500 அல்லது அதற்கு மேல் வையுங்கள், 2 செ.மீ.தான் நகரும். ஐ.எஸ்.ஓ., வெள்ளைச் சமநிலை, ஃபோகஸ் மூன்றையும் கையால் பூட்டிவிடுங்கள். மேகம் வந்து போகும்போது ஆட்டோ எக்ஸ்போஷர் மாறினால் மென்பொருள் தடுமாறும். மின்னணு நிலைநிறுத்தம் இருந்தால் அணைத்துவிடுங்கள், அது ஒவ்வொரு ஃபிரேமையும் வெவ்வேறு விதமாக வளைக்கும்.

காலை 7 மணிக்கு எடுப்பதில் ஒரு சிக்கல் உண்டு. சூரியன் 15 டிகிரி உயரத்தில் இருந்தால் 3 மீட்டர் பஸ்ஸின் நிழல் 11 மீட்டர். பக்கத்து ரோட்டுப் பாதி முழுக்க நிழல் விழும், அதற்குள் இருக்கும் கறுப்பு பைக் காணாமல் போகும். 8 மணிக்கு மேல் இது குறையும்.

வெயில்: இந்த வகை டிரோன் பலவற்றுக்கு எழுதியிருக்கும் வரம்பு 40 டிகிரி. சித்திரை, வைகாசியில் மதியப் பறப்பை விட்டுவிடுங்கள். பேட்டரியை மொட்டைமாடித் தளத்தில் வைக்காதீர்கள், நிழலில் தெர்மோகோல் பெட்டியில் வையுங்கள். இறங்கிய சூட்டோடு சார்ஜில் போடக் கூடாது. ஆடி, ஆவணி மாலைகளில் நம் பக்கம் திடீரென்று காற்றும் இடியும் கிளம்பும், தூசிக்காற்று தெரிந்த உடனே இறக்கிவிடுங்கள். கறிக்கடை, மீன் மார்க்கெட் பக்கம் பருந்துகள் டிரோனை விரட்டிக் கொத்தும். அந்த இடங்களுக்கு நேர் மேலே நிறுத்த வேண்டாம்.

ஏற்றும் இடம் மாடி என்றால் ஒன்றை மறக்காதீர்கள்: திரையில் காட்டும் உயரம் ஏற்றிய இடத்திலிருந்து. 12 மீட்டர் மாடியிலிருந்து கிளப்பித் திரையில் 110 என்றால் ரோட்டிலிருந்து 122. 120 மீட்டர் வரம்பு தரையிலிருந்து கணக்கு, ஏற்கெனவே தாண்டிவிட்டீர்கள்.

---

பாகாயம்_பைத்தான்

எண்ணற மென்பொருள் பத்தி.

இணையத்தில் இலவசமா கிடைக்கற யோலோ மாடல்கள் (படத்தில் இருக்கற பொருளை அடையாளம் காணற மென்பொருள்) பெரும்பாலும் ரோட்டு மட்டத்தில் எடுத்த போட்டோக்களில் பழகினவை. மேலிருந்து பார்த்தா காரை செல்போன்னும், பைக்கைப் பறவைன்னும் சொல்லும். விஸ்டிரோன் மாதிரி டிரோன் படத் தொகுப்பில் பழக்கின மாடலை எடுத்துக்குங்க. ஆனா அது சீனாவில் எடுத்தது, நம்ம மஞ்சள் கூரை ஆட்டோ அதில் இல்லை. அதனால உங்க வீடியோவிலிருந்தே ஃபிரேம் எடுத்து நீங்கதான் ஒவ்வொரு வண்டியைச் சுத்தியும் பெட்டி போட்டு, வகையைக் குறிச்சுப் பழக்கணும். 500 ஃபிரேமில் ஆரம்பிக்கலாம். ஒரே பறப்பிலிருந்து 500 எடுத்தா உபயோகமில்லை. காலை, மதியம், மாலை, மேகம், வெயில், மூணு ஜங்ஷனும் கலந்து எடுங்க. வகைகள்: டூவீலர், ஆட்டோ, கார், மினி லோடு வண்டி, பஸ், லாரி, டிராக்டர், சைக்கிள். பஸ்ஸையும் லாரியையும் ஒண்ணா சேர்த்துடாதீங்க, பஸ் நிறுத்தப் பிரச்சினையைத் தனியா காட்டணும்.

திரும்பற இடத்தில் சாதாரணப் பெட்டி போட்டா குறுக்கா நிற்கற ஒரு லாரியோட பெட்டிக்குள்ள நாலு பைக் அடங்கிடும். வண்டி நிற்கற கோணத்துக்கே திரும்பற சாய்வுப் பெட்டி தர்ற மாடலை எடுங்க. 

அடுத்தது படத்தை நிலைநிறுத்தறது. காத்தில் டிரோன் அரை மீட்டர் நகர்ந்தாலே நின்னுட்டிருக்கற வண்டி ஓடற மாதிரி கணக்கு வரும். ரோட்டில் அசையாத 6 முதல் 8 புள்ளி தேர்ந்தெடுங்க: ஜீப்ரா கோட்டு மூலை, மீடியன் முனை, மேன்ஹோல் மூடி. டோட்டல் ஸ்டேஷன் (நில அளவைக் கருவி) கிடைச்சா அதில், இல்லேன்னா டேப்பில் குறுக்கும் நெடுக்கும் அளந்து வைங்க. கணக்குக்கு 4 புள்ளி போதும், மீதி சரிபார்க்க. எல்லாப் புள்ளியும் ஒரே சமதளத்தில் இருக்கணும். ரயில்வே மேம்பாலத்துச் சரிவில் ஒரு புள்ளியும் கீழ் ரோட்டில் ஒரு புள்ளியும் எடுத்தா மொத்த அளவும் கோணிக்கும். மாடி விளிம்பு, விளம்பரப் பலகை எதையும் புள்ளியா வைக்காதீங்க.

வேகம் கணக்கிடறப்போ ஒரு பொறி இருக்கு. பெட்டியோட நடுப்புள்ளி ஃபிரேமுக்கு ஃபிரேம் 10 செ.மீ. ஆடும், அதைத் தவிர்க்க முடியாது. விநாடிக்கு 30 ஃபிரேம்னா அடுத்தடுத்த ஃபிரேமைக் கழிச்சு வேகம் பார்த்தா அந்த ஆட்டமே விநாடிக்கு 3 மீட்டர், அதாவது மணிக்கு 11 கி.மீ. பிழையாகிடும். நின்ன வண்டிக்கு 11 கி.மீ. வேகம் காட்டும். ஒரு விநாடி இடைவெளியில் கழிங்க, பிழை அரை கி.மீ. அளவுக்கு இறங்கிடும். இதனால 30 ஃபிரேமும் ஓட்ட வேண்டியதில்லை, வண்டியைத் தொடர 10 ஃபிரேம், வரிசை நீளத்துக்கு விநாடிக்கு 1 ஃபிரேம் போதும். கம்ப்யூட்டர் நேரம் மிச்சம்.

எண்ணறப்போ ஒரே கோட்டை வெச்சு எண்ணாதீங்க. மரத்தடியில் வண்டி மறைஞ்சு வெளியே வர்றப்போ டிராக்கர் (வண்டியை ஃபிரேமுக்கு ஃபிரேம் தொடர்ற மென்பொருள்) புது எண் போட்டுடும், ஒரே வண்டி ரெண்டாகும். ஜங்ஷனோட ஒவ்வொரு கைக்கும் (அதில் வந்து சேர்ற ஒவ்வொரு ரோட்டுக்கும்) படத்தில் ஒரு நுழைவு வாசல், ஒரு வெளியேற்ற வாசல் வரைஞ்சு, ரெண்டையும் தாண்டினதை மட்டும் திருப்பக் கணக்கில் சேருங்க. ஒண்ணை மட்டும் தாண்டினதைத் தனிப் பட்டியலாப் போடுங்க. அந்தப் பட்டியல் நூத்துக்கு அஞ்சுக்கு மேல போனா வாசல் இடத்தை மாத்தணும்.

சரிபார்ப்பு: மணிக்கு 5 நிமிஷ வீடியோவை ரெண்டு பேர் தனித்தனியாக் கையால எண்ணணும். மொத்த எண்ணிக்கையை ஒப்பிடாதீங்க. 30 பைக் விட்டுப்போய், 30 நிழலைக் காருன்னு எண்ணியிருந்தா மொத்தம் அழகா ஒத்துப்போகும். வகைவாரியா ஒப்பிடுங்க. மணிக்கணக்கு எண்ணிக்கைக்கு, ரெண்டு எண்ணிக்கை எவ்வளவு ஒத்துப்போகுதுன்னு பார்க்கற ஜி.இ.எச். அளவு வழக்கம்: வித்தியாசத்தின் வர்க்கத்தை ரெண்டால பெருக்கி, ரெண்டு எண்ணிக்கையின் கூட்டலால வகுத்து, வர்க்கமூலம். கையால 620, மென்பொருள் 560-ன்னா 2.5 வரும். 5-க்குள்ள இருந்தா ஏத்துக்கலாம்.

மேம்பாலம், மரம், பஸ் நிழற்குடை அடியில் போறது மேலிருந்து தெரியாது. எந்த மாடலும் அதைக் கண்டுபிடிக்காது. அந்த இடத்துக்குத் தரையில் ஒரு கேமரா வைங்க.

---

விருதம்பட்டு_வாசி

மிக்க நன்றி. வந்த வண்டிக்கும் போன வண்டிக்கும் உள்ள வித்தியாசம் இப்போதுதான் புரிகிறது. திட்டத்தை மாற்றிக்கொள்கிறோம்.

இரண்டு சந்தேகம். மாலையில் வரிசை பாலாற்றுப் பாலத்து மேல் வரை நிற்கும். 150 மீட்டர் படத்துக்குள் அது அடங்காது. டிரோனை ரோட்டு மேலே நீளமாக ஓட்டிப் படங்களை ஒட்டி, பெரிய ஒரே படமாக ஆக்கி எண்ணலாமா? அடுத்து, பி.சி.யு.வுக்கு (ஒரு வண்டி எத்தனை காருக்குச் சமம் என்ற எண்) எந்த மதிப்பைப் போடுவது?

---

நாகநதி

ஒட்டின படத்தில் எண்ணாதீங்க. ஒட்டற மென்பொருள் அசையாத நிலத்துக்காக எழுதினது. நகர்ற வண்டி ஒரு படத்தில் ஒரு இடம், அடுத்ததில் இன்னொரு இடம். அது பாதி வண்டியா வெட்டும், ரெண்டா போடும், இல்லேன்னா அழிச்சே விடும். ரோடு நல்லா சுத்தமாத் தெரியும், எண்ணிக்கை தப்பா இருக்கும். ஒட்டின படத்தை வரைபடத்துக்கு அடித்தளமா வெச்சுக்கலாம், எண்ணறது தனித்தனிப் படத்தில்தான்.

ஓட்டிக்கிட்டே எண்ணினாலும் ஒரு திருத்தம் வேணும். டிரோன் விநாடிக்கு 10 மீட்டரில் போகுது, கீழே வண்டிகள் அதே திசையில் 3 மீட்டரில் ஊருதுன்னு வைங்க. டிரோன் அவங்களைத் தாண்டிப் போறப்போ 100 வண்டி இருக்கற நீளத்தில் 70-ஐத்தான் கடக்கும். எதிர்த்திசையில் பறந்தா 130 வரும். ரெண்டும் தப்பு. எண்ணினதை, டிரோன் வேகம் ÷ (டிரோன் வேகம் − வண்டி வேகம்) என்பதால பெருக்கணும். எதிர்த்திசைன்னா கழித்தலுக்குப் பதிலாக் கூட்டல். போகும்போது ஒண்ணு, திரும்பும்போது ஒண்ணுன்னு ரெண்டும் எடுத்து, திருத்தினதுக்கு அப்புறம் ஒத்துப்போகுதான்னு பாருங்க.

எளிய வழியும் இருக்கு. ஸ்டில் போட்டோ, ரெண்டு விநாடிக்கு ஒண்ணு. 10 மீட்டர் வேகத்தில் 20 மீட்டருக்கு ஒரு படம் விழும். படத்தோட குறுகின பக்கம் ரோட்டோட போகற மாதிரி வெச்சா 80 மீட்டருக்கு மேல தெரியும், அப்ப ஒவ்வொரு வண்டியும் நாலு படத்திலாவது விழும். ரெண்டு படத்துக்கு நடுவே வண்டி நகர்ந்த தூரமே அதோட வேகம். வரிசையோட வால் எங்கேன்னு, விளக்குக் கம்பத்து எண்ணை வெச்சுக் குறிங்க: 10 நிமிஷத்துக்கு ஒரு தடவை, எந்தக் கம்பம் வரை. இந்த ஒரு அட்டவணை, மொத்த அறிக்கையிலேயே அதிகமாப் பேசப்படும்.

ஆனா பாலத்து மேலே ஆள் போற இடத்துக்கு நேர் மேல பறக்க வேண்டாம். ஆத்துப் பக்கம் 30 மீட்டர் தள்ளிப் பறந்து கொஞ்சம் சாய்த்து எடுங்க. டிரோன் விழுந்தா மணல்ல விழட்டும். வால் எங்கேன்னு குறிக்க அந்தக் கோணம் தாராளமாப் போதும்.

வேகத்திலும் ஒண்ணு கவனிங்க. 20-ல் ஒரு வண்டி, 60-ல் ஒரு வண்டின்னா ரோட்டோரம் ரேடார் வெச்சவர் சராசரி 40-ன்னு எழுதுவார். பயண நேரத்துக்குச் சரியான சராசரி 30. ஒரு நீளத்தில் இருக்கற எல்லா வண்டியையும் ஒரே கணத்தில் பார்த்து அளந்தா அந்த இரண்டாவது சராசரிதான் வரும். அடர்த்தியை அதால பெருக்கினா ஓட்டம், அதாவது மணிக்கு எத்தனை வண்டி போகுதுங்கறது: 180 மீட்டரில் 27 வண்டி, அப்ப கி.மீ.க்கு 150, சராசரி 12 கி.மீ.ன்னா மணிக்கு 1,800. மாடிக் கேமரா எண்ணிக்கையோட இது ஒத்துவரணும். வரலேன்னா எங்கேயோ அளவு தப்பு, அதைக் கண்டுபிடிக்காம மேல போகாதீங்க.

பி.சி.யு.: இந்தியச் சாலைகள் காங்கிரஸோட (ஐ.ஆர்.சி.) 106-1990 வழிகாட்டியில் மொத்தப் போக்குவரத்தில் அந்த வகையோட பங்கைப் பொறுத்து ரெண்டு மதிப்பு. பங்கு 10 சதவீதமும் மேலும்னா டூவீலர் 0.75, கார் 1, ஆட்டோ 2, இலகு சரக்கு வண்டி 2, பஸ்-லாரி 3.7, டிராக்டர் டிரெய்லர் 5. பங்கு 5 சதவீதம்னா முறையே 0.5, 1, 1.2, 1.4, 2.2, 4. நம்ம ரோட்டில் டூவீலர்தான் அதிகம், 0.75-ல் போட்டா எண்ணிக்கை ஊதிடும். ஆய்வாளர் சதீஷ் சந்திராவோட முறையில் வேகமும் பரப்பும் சேரும்: (கார் வேகம் ÷ வண்டி வேகம்) ÷ (கார் பரப்பு ÷ வண்டி பரப்பு). கார் 5.4 ச.மீ., டூவீலர் 1.2 ச.மீ., வேகம் 25-ம் 28-ம் என்றால் 0.2 வரும். 0.75 எங்கே, 0.2 எங்கே! ரெண்டையும் பக்கத்துப் பக்கத்து நிரலாப் போடுங்க. அதிகாரிகள் ஐ.ஆர்.சி. நிரலைக் கேட்பாங்க, டிசைன் செய்யறவருக்கு மற்றது உதவும். வேகமும் பரப்பும் டிரோன் வீடியோவில் ஏற்கெனவே இருக்கு, தனியா அளக்க வேண்டியதில்லை.

---

சத்துவாச்சாரி_சட்டம்

அனுமதி குறித்து யாரும் எழுதவில்லை என்பதால்.

டிரோன் விதிகள் 2021-ன்படி 250 கிராமுக்கு மேல் 2 கிலோ வரை மைக்ரோ வகை. தொழில்முறையாகப் பறக்கும்போது ரிமோட் பைலட் சான்றிதழ், டிரோனுக்குத் தனி அடையாள எண், மூன்றாம் நபர் காப்பீடு மூன்றும் வேண்டும். ஆபரேட்டரிடம் இருக்கிறது என்று கேட்டு விட்டுவிடாமல், நகல் வாங்கி அறிக்கையோடு இணையுங்கள்.

இடம்: டிஜிட்டல் ஸ்கை என்ற அரசின் டிரோன் இணையதள வரைபடத்தில் பச்சை மண்டலத்தில் 120 மீட்டர் வரை முன் அனுமதி வேண்டியதில்லை. இயங்கும் விமான நிலையத்தின் எல்லையிலிருந்து 8 முதல் 12 கி.மீ. வரை 60 மீட்டர்தான். மஞ்சள் மண்டலத்தில் வான் போக்குவரத்துக் கட்டுப்பாட்டின் அனுமதி, சிவப்பில் மத்திய அரசின் அனுமதி. அப்துல்லாபுரத்தில் விமானத் திடல் இருப்பதால் வேலூரில் இதை அனுமானிக்கவே கூடாது. பறக்கும் அன்று காலையில் வரைபடத்தைத் திறந்து, தேதி நேரத்துடன் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். மண்டலங்கள் மாறும். 60 மீட்டர்தான் அனுமதி என்றால் படத்தின் அகலம் 90 மீட்டராகிவிடும், ஒரு ஜங்ஷனின் நான்கு கையும் ஒரே படத்தில் வராது. அதை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள்.

தவிர்க்க வேண்டியவை: கோட்டை (தொல்லியல் துறைப் பாதுகாப்பில் இருப்பது), தொரப்பாடி மத்திய சிறை, காட்பாடி ரயில் நிலையமும் தண்டவாளமும். ரயில் பாதைக்கு மேலே 25,000 வோல்ட் கம்பி இருக்கிறது. ஆய்வை ராணிப்பேட்டைப் பக்கம் நீட்டினால் அரக்கோணத்தில் கடற்படையின் ராஜாளி விமானத் தளம் இருப்பதை மறக்காதீர்கள்.

பச்சை மண்டலமாகவே இருந்தாலும் எஸ்.பி. அலுவலகத்துக்கும் உள்ளூர்க் காவல் நிலையத்துக்கும் போக்குவரத்துப் பிரிவுக்கும் எழுத்தில் தகவல் கொடுங்கள்: நாள், நேரம், ஏற்றும் மாடியின் முகவரி, ஆபரேட்டர் பெயர். முத்திரை போட்ட நகலைக் கையில் வைத்திருங்கள்.

நேர் கீழே எடுக்கும் படத்தில் நம்பர் பிளேட் தெரியாது, முகமும் தெரியாது. ஆனால் வீட்டு மொட்டைமாடிகள் தெரியும். குளித்துவிட்டுத் துணி காயப்போடும் பெண்கள் யாரும் கேமராவை எதிர்பார்த்து நிற்பதில்லை. ரோட்டு எல்லைக்கு வெளியே இருப்பதை முதல் வேலையாகக் கறுப்பால் மூடிவிட்டு, அதற்குப் பிறகுதான் கோப்பைப் பையன்களிடம் கொடுங்கள். மூல வீடியோ ஒருவரிடம் மட்டும் இருக்கட்டும், எண்ணிச் சரிபார்த்த பின் அழித்துவிடுங்கள். வாட்ஸ்அப்பில் போகவே கூடாது.

---

மேல்நோக்கு

60 மீட்டர் வரம்பு வந்தால் ஒரு மாற்று: இரண்டு டிரோன், ஒவ்வொன்றும் இரண்டு கை. இரண்டு படமும் குறைந்தது 20 மீட்டர் ஒன்றன்மேல் ஒன்று விழ வேண்டும், அந்தப் பொது இடத்தில் அளந்த புள்ளி நான்கு இருக்க வேண்டும். உயரத்தில் 10 மீட்டர் வித்தியாசம் வையுங்கள், ஒன்று இறங்கும்போது மற்றதன் வழியில் வராது.

---

விருதம்பட்டு_வாசி

வரைபடத்தைப் பார்த்துவிட்டு ஆபரேட்டருடன் பேசுகிறேன். கடைசியாக ஒன்று: ஷேர் ஆட்டோக்களும் டவுன் பஸ்ஸும் நடு ரோட்டில் நின்று ஏற்றுவதால்தான் அடைப்பு என்று எல்லாரும் சொல்கிறார்கள். அதை எண்ணாகக் காட்ட வழி உண்டா?

---

பாகாயம்_பைத்தான்

உண்டு, உங்க வீடியோவில் அதுதான் ரொம்ப சுலபம். ஒவ்வொரு வண்டியோட தடத்திலும் வேகம் 2 கி.மீ.க்குக் கீழ 5 விநாடிக்கு மேல இருந்த இடத்தைப் பிரிச்செடுங்க. நிறுத்தக் கோட்டுக்குப் பின்னாடி வரிசையில் நிற்கறது தானா விலகணும், அதனால முன்னாடி 15 மீட்டர் காலியா இருந்தும் நின்ன வண்டியை மட்டும் எடுங்க. அதில் ஆட்டோ, பஸ் தனித்தனியா. ஒவ்வொண்ணுக்கும் மூணு நிரல்: மீடியனிலிருந்து எத்தனை மீட்டரில் நின்னது, எத்தனை விநாடி, அந்த நேரத்தில் பின்னாடி 50 மீட்டரில் சராசரி வேகம் எவ்வளவு குறைஞ்சது.

நின்ன இடங்களை ரோட்டுப் படத்து மேல புள்ளியாப் போட்டா, எந்தெந்த இடத்தில் கொத்துக் கொத்தா விழுதுன்னு தெரியும். கொத்து விழற இடத்தில் ஆட்டோக்காரங்களைக் குறை சொல்லி எழுதாதீங்க. அங்கே ஏறற ஜனம் இருக்கு, நிறுத்த ஒதுங்கின இடம் இல்லை. அந்தக் கொத்துக்குப் பக்கத்தில் ரோட்டோரம் 3 மீட்டர் அகலம், 25 மீட்டர் நீளம் காலியா இருக்கான்னு அதே படத்தில் அளந்து, பஸ் ஒதுங்குமிடம் கேட்டு எழுதுங்க. டிரான்ஸ்ஃபார்மர், சாக்கடை மூடி, மரம் எது தடுக்குதுங்கறதையும் குறிச்சுக் கொடுத்தா, மின்வாரியம், மாநகராட்சி, நெடுஞ்சாலைத் துறை மூணு பேரில் யார் எதை நகர்த்தணும்னு கூட்டத்திலேயே பிரிச்சுக் கேட்க முடியும்.